தொட்டுப் பார்த்தவர் பெயர்

முகம் தெரியாமல் நான் பார்த்த முதுகுகளுக்குக் கணக்கில்லை. முழங்கைகள், தொடைகள், பிடரிகள், காது மடல்கள். எல்லாமே நாலுக்கு ஆறு அளவில், பளபளப்புத் தாளில். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பல வருஷம் என் நோயாளியாக இருந்திருக்கலாம். சட்டையைக் கழற்றினால்தான் எனக்கு அடையாளம் தெரியும். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வது.

இதை எழுதச் சொன்னவள் நிவேதா. என்னிடம் கடைசியாகப் பயிற்சி எடுத்த தோல் டாக்டர். இப்போது சென்னையில் உட்கார்ந்துகொண்டு, டெல்டா கிராமங்களிலிருந்து செல்போனில் வரும் தோல் படங்களைப் பார்த்து மருந்து சொல்கிறாள். ஏதோ மலர் போடுகிறார்களாம். "மேடம், செல்போன் இல்லாத காலத்துலயே போட்டோ பாத்து வைத்தியம் பண்ணவங்க நீங்க. அந்த அனுபவத்தை எழுதிக் குடுங்க. ஜாலியா இருந்தாப் போதும்" என்றாள். ஜாலியாகச் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாலி இல்லாதது ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் பொய்சொல்லி ஆகிவிடுவேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போலப் படித்தேன். தோல் பிரிவுக்குப் போனது, "அதுல அவசரம் கெடையாது, நிம்மதியாத் தூங்கலாம்" என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கும் என்று பலர் ஆசையோடு கேட்டிருக்கிறார்கள். கதை ஏதும் இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனை அது. தொழுநோய்க்கென்று ஆரம்பித்த இடம். அந்தப் பெயரைப் போட்டால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்பதால் பலகையில் 'தோல் நோய்' என்று மட்டும் இருந்தது. வேதாரண்யம் உப்பளம் வரைக்கும் எங்கள் எல்லை. இவ்வளவு பரப்புக்கும் டாக்டர்கள் இரண்டே பேர். நானும், எனக்கு மேலே டாக்டர் அந்தோணிராஜும்.

போட்டோ யோசனை அவருடையது. ஜீப்பில் போனால் அவருக்கு இடுப்பு வலிக்கும், அதனால்தான் இந்தத் திட்டமே வந்தது என்று கம்பவுண்டர் ரகசியமாகச் சொல்வார். அது எப்படியிருந்தாலும், ஊர் ஊராகப் போகும் எங்கள் நர்ஸ் தனலட்சுமி கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, அதோடு ஒரு தாள் நிறைய விதிகளையும் கொடுத்தார். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எடுக்க வேண்டும். சுவரின் நிழல் பக்கம் நிற்கவைக்க வேண்டும். பிளாஷ் போடக் கூடாது. பிளாஷ் வெளிச்சம் வெளுத்த படையை விழுங்கிவிடும். பின்னால் நீலத் துணி, படைக்குப் பக்கத்தில் அளவுகோல். ஒரு படம் எட்ட நின்று, ஒரு படம் ஒரு முழ தூரத்தில். முகத்தில் நோய் இருந்தாலொழிய முகம் வரக் கூடாது. பெயர் கூடாது, நம்பர் மட்டும்.

விதியெல்லாம் சரி. பிலிம் சுருளில் முப்பத்தாறு படம் இருக்குமே, அது முடியாமல் கழுவக் கொடுக்க முடியாது. இருபது படத்தோடு நோயாளிகள் தீர்ந்துவிட்டால் மிச்சம் பதினாறுக்கு என்ன செய்வது? தனலட்சுமி தன் அக்கா மகளின் காதுகுத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் அந்தோணிராஜ் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். படை, படை, புண், படை, வாயைப் பிளந்து அழும் குழந்தை. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "இந்தப் பேஷண்டுக்கு வலி ஜாஸ்தி போலருக்கு" என்று தனியாக எடுத்து வைத்தார்.

இன்னொரு தடவை, கன்னத்தில் படையிருந்த ஒரு பெண்ணின் படம் வந்தது. கன்னம் சந்தனக்கட்டி போலச் சுத்தமாக இருந்தது. விசாரித்தால் ஸ்டூடியோக்காரரின் கைவண்ணம். "பொண்ணு பாக்க அனுப்புற போட்டோன்னு நெனச்சேங்க. பாவம், வெளுப்பா இருந்துச்சேன்னு பிரஷ்ஷால தொட்டு எடுத்துட்டேன்" என்றார். நல்ல மனுஷர், அதற்குத் தனியாகக் காசுகூட வாங்கவில்லை. "ரெண்டு வருஷமா நாம மருந்து குடுத்துக் கொணமாகாததை அவரு பிரஷ்ஷால கொணமாக்கிட்டாரு. பேசாம அவரையே இங்க வேலைக்கு வச்சுக்கலாம்" என்றார் டாக்டர். ஜாலி இதோடு முடிந்தது.

அவர் படம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் படத்தைத் தலைகீழாகப் பிடிப்பார். நேராகப் பார்த்தால், இது கை, இது முதுகு என்று மூளை அவசரப்படுமாம். பிறகு கட்டைவிரலால் படையை மறைத்துக்கொண்டு மற்ற இடத்தையெல்லாம் பார்ப்பார். கடைசியில்தான் விரலை எடுப்பார். எதிரே நிற்கிறவரை உட்காரச் சொல்ல மாட்டார். 'தேமல்' என்று நான் சொன்னால், "தேமல் மாதிரி தெரியிதுன்னு சொல்லுங்க டாக்டர். போட்டோ நம்மகிட்ட பேசல" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவரைப் பிடிக்காமலே பத்து வருஷம் அவர் கீழே வேலை பார்த்தேன். உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

படத்தோடு ஒரு படிவம் வரும். அதில் கடைசிக் கேள்வி, 'தொட்டால் தெரிகிறதா?' என்பது. தொழுநோய்ப் படைக்கு அரிப்பு இருக்காது, வலி இருக்காது. உணர்ச்சிதான் போகும். அதை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. அதற்குப் பஞ்சு வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும். பஞ்சைத் திரித்து நுனியைக் கூராக்கிக்கொள்ள வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். பஞ்சால் தேய்க்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். 'தெரியுதா' என்று கேட்கக் கூடாது. கேட்டால் தெரியாதவர்களும் தெரிகிறது என்பார்கள். தொட்டது தெரிந்தால் அவரே 'இங்க' என்று சொல்ல வேண்டும். படைக்கு வெளியே சில, உள்ளே சில, மொத்தம் பன்னிரண்டு தொடல். நடுவில் இரண்டு முறை தொடாமலே சும்மா இருக்க வேண்டும். அப்போதும் 'இங்க' என்கிறவர் ஊகித்துச் சொல்கிறார் என்று பொருள். தெரியாத இடங்களில் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிகளோடு படம் எடுக்க வேண்டும். தனலட்சுமி இதில் கெட்டிக்காரி. அவள் அனுப்பிய படிவங்களை நம்பி நான் கெட்டதே இல்லை.

தொண்ணூறுகளில் வேறு வகைப் படங்கள் வர ஆரம்பித்தன. கடலோரத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார். சில வீடுகளில் இரண்டு பேர். ஏஜெண்டு பலகை இல்லாத கடைத்தெரு கிடையாது. அங்கே போனவர்களுக்குத் தோலில் ஏதாவது வந்தால் அங்குள்ள டாக்டரிடம் காட்டப் பயந்தார்கள். எழுதி வைத்துவிட்டால் விசா போய்விடும். அதனால் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மனைவி அதை ஏர்மெயில் கவரோடு எங்களிடம் கொண்டுவருவாள். கட்டிய கணவனின் முதுகை டாக்டரிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்களில் சிலர் கணவரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். என் மேஜையில் கிடக்கும் அந்த முதுகுதான் அவர்களுக்கும் அந்த வருஷம் கிடைத்தது. நான் பார்த்து முடித்ததும் துடைத்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

ரஹ்மத் அப்படித்தான் வந்தாள். வேதாரண்யம் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கணவர் நைனா முகமது அங்கே தையல்காரர். அரபிகள் போடும் நீள அங்கியில் கழுத்துக்கும் கைக்கும் நுணுக்க வேலை செய்கிறவர். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதை அவர்கள் பக்கம் 'சபுர் போவது' என்பார்கள்.

"அவங்க சபுர் போயி ஒண்ணே முக்கா வருஷம் ஆச்சு டாக்டரம்மா. கையில வெள்ளையா என்னமோ வந்திருக்காம். தேமல்தான், சும்மா கேட்டு வைன்னு எழுதியிருக்காங்க."

படம் நன்றாக இல்லை. கண்ணாடியைப் பார்த்து எடுத்த படம். பிளாஷ் வெளிச்சம் ஒரு மூலையில் வெடித்திருந்தது. இடது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம், ஒரு ரூபாய் அளவில் வெளுப்பு. பின்னால் அடுக்குக் கட்டில்கள், மடித்து வைத்த கம்பளிகள். ஒரே ரூமில் ஏழு பேராம். டாக்டர் அந்தோணிராஜ் அப்போது ஓய்வு பெற்று நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தார். தலைகீழாகப் பிடிக்கச் சொல்ல ஆளில்லை என்ற சந்தோஷத்தில் நான் எல்லாப் படங்களையும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேமலாகவும் இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. பஞ்சு வைத்துப் பார்க்கும் முறையைத் தாளில் விவரமாக எழுதி ரஹ்மத்திடம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் கடிதத்தோடு வந்தாள். 'டாக்டரம்மா எழுதினபடி பார்த்தாச்சு. எல்லா இடத்திலும் நன்றாகத் தெரிகிறது. லேசாக அரிக்கவும் செய்கிறது' என்று இருந்தது. ரஹ்மத் என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது காரணம் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அதுதான் காரணம்.

"தேமல்தாம்மா. ஒண்ணும் பயப்பட வேணாம்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தேன்.

பத்து மாதம் கழித்து, பெருநாள் முடிந்த வாரம், பேரீச்சம்பழத்தோடு வந்தாள். வைத்தியத்துக்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான்.

"பெருநாளைக்கி ஸ்டூடியோவுல போயி எடுத்து அனுப்பியிருக்காங்க. பாருங்க டாக்டரம்மா, எளைச்சுட்டாங்கல்ல?"

வர்ணம் அடித்த அருவி ஒன்றின் முன்னால் புதுச்சட்டையோடு ஒருவர் நின்றார். அன்றுதான் நைனா முகமதின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த முகம், கனிவான கண்கள். இடது கை நாற்காலியின் முதுகில் இருந்தது. மூன்று விரல்கள் நேராக இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன.

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"இது எப்பலேருந்தும்மா?"

"எது டாக்டரம்மா?"

"இந்த விரல்."

அவள் படத்தை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "நாற்காலியைப் புடிச்சிருக்காங்க."

"புடிச்சிருந்தா மத்த விரலும் மடங்கணும்மா."

ரஹ்மத் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். "தேமலுன்னு சொன்னீங்களே டாக்டரம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

முழங்கையில் ஓடும் நரம்பை நோய் தின்ன ஆரம்பித்துவிட்டால், அந்த இரண்டு விரல்கள்தான் முதலில் மடங்கும். ஆறு மாதத்துக்குள் பிடித்துவிட்டால் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு மேல் போனால் அவரவர் அதிர்ஷ்டம். தையல்காரருக்கு வலது கை வெட்டும், இடது கை துணியைத் தள்ளும். தள்ளும் கை போனால் தொழில் போயிற்று.

ரஹ்மத்தின் எதிர்வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மதியம் அவர் போன் பண்ணுவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நான் அங்கே போய்க் காத்திருந்தேன். மணி அடித்ததும் ரஹ்மத் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"இடது கை சுண்டு விரலை நீட்ட முடியுதா?" என்றேன்.

"சட்டைப் பொத்தான் போட முடியல டாக்டரம்மா. துணி நழுவுது. மாஸ்டர்கிட்ட சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"பஞ்சு வச்சுப் பாத்தீங்களே. அப்ப தொட்டது யாரு?"

"நான்தான்."

"நீங்களே ஒங்களைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணாடியப் பாத்துக்கிட்டே தொட்டேன். பஞ்சுல சந்தேகமா இருந்துச்சு. தைக்கிற ஊசியாலயும் குத்திப் பாத்தேன். தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

தன் கையால் தன்னைத் தொட்டால் எல்லோருக்கும் தெரியும். தொடுகிற விரலுக்குத் தெரியும், பார்க்கிற கண்ணுக்குத் தெரியும். தோலுக்குத் தெரிகிறதா என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி எழுதினேன், பன்னிரண்டு என்று எழுதினேன், எல்லாம் எழுதினேன். இன்னொருவர் தொட வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தொட ஆளில்லாமல் ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இத்தனைக்கும் நான் தனியாக இருக்கிறவள்.

"ரூம்ல ஏழு பேரு இருக்கீங்களே, ஒருத்தரைத் தொடச் சொல்லக் கூடாதா?"

"ஏழு பேரு இருக்கோம், அதனாலதான் டாக்டரம்மா" என்றார்.

கிளம்பி வரச் சொன்னேன். மேற்கொண்டு எதையும் கேட்காமல் சரி என்றார். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்றதால் நோயின் பெயரை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

பழைய கண்ணாடிப் படத்தை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் போனேன். டாக்டர் அந்தோணிராஜ் இளைத்துப்போயிருந்தார். அன்றைக்கும் உட்காரச் சொல்லவில்லை. படத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கட்டைவிரலால் படையை மறைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல மொதல்ல என்ன தெரியிது?"

"முழங்கைக்கு மேல ஒரு படை, சார்."

"இல்ல டாக்டர். கேமரா."

கண்ணாடிக்குள் வலது கையில் கேமரா இருந்தது. தன்னைத்தானே எடுத்துக்கொண்ட மனுஷர். பின்னால் எல்லாக் கட்டில்களும் காலி. படம் எடுக்கக்கூட ஒருவரைக் கூப்பிடாதவர், பஞ்சு பிடிக்க யாரைக் கூப்பிட்டிருப்பார்? கேள்வி படத்திலேயே இருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லித் திரிந்த நான், கண்ணால் காணவே இல்லை. அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நைனா முகமது ஐந்து வாரம் கழித்து வந்தார். வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேரே மருத்துவமனை. அறைக்கதவைச் சாத்தி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சைத் திரித்தேன். படைக்கு வெளியே தொட்டேன். "இங்க" என்றார். ஓரத்தில் தொட்டேன். "இங்க." உள்ளே தொட்டேன். பேசாமல் இருந்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே. பேசாமல் இருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை, பரீட்சையில் அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் நல்ல மாணவன் போல இருந்தார். பேனாப் புள்ளிகள் ஏழு ஆயின. முழங்கையைத் தடவினேன். நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது.

"முடிஞ்சுது. கண்ணைத் தொறங்க" என்றேன்.

அவர் திறக்கவில்லை. "இன்னொரு தடவை பாருங்க டாக்டரம்மா" என்றார்.

முடிவு மாறும் என்ற நப்பாசையில் கேட்கிறார் என்று நினைத்தேன். எத்தனை பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். "எத்தனை தடவை பாத்தாலும் அதேதாங்க" என்று சொல்லிப் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அன்றே மாத்திரை ஆரம்பித்தோம். நரம்புக்குத் தனி மருந்து, விரலுக்குப் பட்டை, மெழுகுச் சிகிச்சை. ரஹ்மத்தையும் குழந்தைகளையும் சோதித்தோம், ஒருவருக்கும் இல்லை. ஒரு வருஷத்தில் நோய் போய்விட்டது. மோதிர விரல் முக்கால்வாசி நிமிர்ந்தது. சுண்டு விரல் நிமிரவில்லை. அவர் மறுபடி சபுர் போகவில்லை. வேதாரண்யத்தில் சின்னக் கடை வைத்து, தைப்பதற்கு ஆள் போட்டுக்கொண்டு, துணி வெட்டும் வேலையை மட்டும் தான் பார்த்தார். அங்கி வேலையில் அவருக்கு இருந்த பெயரைப் பற்றி வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். அவர் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னைத் தேற்றினவர்கள் உண்டு. சறுக்கியது யானையின் கால் இல்லை, அவருடைய விரல். ஒருமுறை மருந்து வாங்க வந்தபோது அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்க கேட்டிருந்தாலும், ரூம்ல இருக்குற பையன்தான் தொட்டான்னு பொய் சொல்லியிருப்பேன். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். கேட்காமல் விட்டது நான்தான். அதில் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன். 'தொட்டுப் பார்த்தவர் பெயர். உறவு.' அந்தக் கட்டம் காலியாக வந்தால் படத்தைப் பார்க்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். வளைகுடாவிலிருந்து வருகிற படங்களில் அது காலியாக வருவது வழக்கமாகிவிட்டது. சில மாதம் கழித்து ஏதாவது ஒரு பெயர் வரும். 'சமையல்காரர்.' 'பக்கத்துக் கட்டில்.' ஒருவர் 'மலையாளி' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் படத்தை எடுப்பேன், தலைகீழாக.

ஓய்வு பெற்று தஞ்சாவூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இரண்டு படுக்கையறை, ஒன்று எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. சமையல் நானே. பேச்சு, பால் போடுகிறவரோடும் டிவியோடும். மூன்று மாதத்துக்கு முன்னால் ரவிக்கை மாற்றும்போது, கண்ணாடியில் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வெளுப்பு தெரிந்தது. வயதானால் தோலில் ஆயிரம் வரும். ஆனால் நாற்பது வருஷம் அந்த நோயின் நடுவே இருந்தவள் நான். தஞ்சாவூரில் தோல் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேர் எனக்கு ஜூனியர்கள். போனால் எழுந்து நின்று கும்பிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு தொடுவார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் படம் எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். என் படம் என்று சொல்லவில்லை. எல்லோரையும் போல அவர்கள் நம்பருக்குத்தான் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அவள் அனுப்பவில்லை, தானாக வருகிற கேள்விப் பட்டியல். எவ்வளவு நாளாக, அரிக்கிறதா, வீட்டில் யாருக்காவது உண்டா. கடைசியில், 'தொட்டுப் பார்த்தவர் பெயர். உறவு.' நான் போட்ட கட்டம்தான். இத்தனை வருஷத்தில் யாரும் அதை எடுக்கவில்லை.

'நானே' என்று அடித்தேன். அழித்தேன். பால்காரரை யோசித்தேன், கீழ்வீட்டுப் பெண்ணை யோசித்தேன். அவள் பெயர்கூடத் தெரியாது. செல்போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

வேதாரண்யம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. நைனா முகமதுக்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. ரஹ்மத் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ரஹ்மத் என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய், வாசல் திரையை இழுத்துவிட்டாள். நான் ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டாங்களா?" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல்.

"மூடிக்கிட்டாங்க."

"பஞ்சைத் திரிச்சு நுனியக் கூராக்கு. தேய்க்காத. தொட்டு எடு. வெளியிலேர்ந்து உள்ள வா."

முதல் தொடல் கழுத்துக்குக் கீழே. "இங்க" என்றேன். அடுத்தது அதற்கும் கீழே. "இங்க."

"தெரியுதுங்களா டாக்டரம்மா?"

"கேக்கக் கூடாது!" திரைக்கு அந்தப் பக்கம் அவர் அதட்டினார். "தெரிஞ்சா அவங்களே சொல்வாங்க. நடுவுல ரெண்டு தடவை சும்மா இரு."

ஒன்றும் நடக்கவில்லை. ரஹ்மத் சும்மா இருக்கிறாளா, எனக்குத்தான் தெரியவில்லையா? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்படி எத்தனை பேரை நான் காக்க வைத்திருக்கிறேன். ஒரு குஞ்சத்தின் நுனி போல ஏதோ பட்டது. "இங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பன்னிரண்டும் தெரிந்தன. இரண்டு தடவை அவள் சும்மா இருந்தபோது நான் வாய் திறக்கவில்லை. வெறும் தோல் வெளுப்புத்தான்.

"பன்னெண்டும் சொல்லிட்டாங்க" என்று ரஹ்மத் திரைப்பக்கம் திரும்பிச் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். "முடிஞ்சுது டாக்டரம்மா, கண்ணைத் தொறங்க" என்று அவள் பஞ்சை மடித்தாள்.

நான் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை பாரும்மா" என்றேன்.